மாங்காய் மண்டியில் ஒரு ராக் பேண்ட்

எங்கள் பேண்டின் கதையை யார் கேட்டாலும் நான் மாங்காய் சீசனில் இருந்துதான் ஆரம்பிப்பேன். கிருஷ்ணகிரி பக்கம் ஏப்ரல் கடைசி தொட்டு ஜூலை வரை மண்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது. தோத்தாபுரி லாரி லாரியாக வந்து இறங்கும், கூழ் ஆலைகள் ராத்திரியும் ஓடும். மற்ற மாதங்களில் அதே கொட்டகைகள் சும்மா கிடக்கும். எங்கள் கிட்டார்காரரின் தாய்மாமாவுக்குக் காவேரிப்பட்டணம் சாலையில் ஒரு மண்டி உண்டு. 2011-இல் பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கேதான் டிரம் செட்டை இறக்கினோம். சீசன் வந்தால் சாமானைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அதனால் பாட்டு எழுதுவது, ரெக்கார்டிங், கணக்கு முடிப்பது எல்லாம் மாங்காய் மாதங்களுக்கு, ஒத்திகையும் புரோகிராமும் மீதி மாதங்களுக்கு என்று தானாகவே பிரிந்துவிட்டது. பெங்களூரில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒத்திகை பார்த்த நண்பர்களின் பேண்டுகள் பலவும் கலைந்த பிறகும் நாங்கள் தாக்குப்பிடித்ததற்கு அந்த வாடகையில்லாத கொட்டகை பெரிய காரணம்.

நான் பேஸ் கிட்டார். கணக்கு நோட்டும் என் கையில்தான். பேண்டின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இதில் எழுதவில்லை. இருவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, ஒருவர் பள்ளி ஆசிரியர். "வேலை பார்க்கிற இடத்துல தெரிய வேணாம்ணா" என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன்.

சின்ன ஊரில் பேண்ட் ஆரம்பிக்கிறவர்களிடம் நான் முதலில் பேசுவது கரண்டைப் பற்றி. கோயில் திருவிழா மேடையில் கிட்டாரைத் தொட்டுக்கொண்டே மைக்கில் வாயை வைத்தால் உதட்டில் சுருக்கென்று ஷாக் அடிக்கும். பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கிட்டார் ஆம்ப் ஒரு லைனிலும் மைக் செட் வேறொரு லைனிலும் ஓடி, ஏதோ ஒன்றில் எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் பாடுகிறவரின் உடம்பு வழியாகப் போகிறது. நல்ல நாளில் சுருக், ஈரத் தரையில் உயிர் போகும். அதனால் எங்கள் சாமான் பெட்டியில் முதலில் ஏறுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி பொருத்திய ஒரு பலகை. மேடையில் எங்கள் பொருள் எல்லாம் அந்த ஒரு பலகையில்தான் செருகப்படும். மிக்ஸருக்கும் அதே லைனைக் கேட்டு வாங்குவோம். இரைச்சல் வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பெட்டிக்கு அருகிலேயே விடாதீர்கள்.

இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. திருவிழா என்றால் மேடைக்கு மேலே சீரியல் லைட் ஓடும். அந்த லைட் ஓடும் லைனிலேயே ஆம்பைப் போட்டால் விளக்கு மினுக்குகிற தாளத்தில் ஸ்பீக்கர் உறுமும். மின்வாரிய லைன் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பிக்கப் ஒற்றைச் சுருளாக இருந்தால் அதன் ரீங்காரத்தையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றிய ஹம்பக்கர் பிக்கப் அதைத் தன்னிடமே அடித்துப்போடும். ஜெனரேட்டரை நம்பி வாசிக்கிறவர்கள் ஹம்பக்கர் கிட்டாரே வாங்குவது நல்லது. ஒற்றைச் சுருளின் கண்ணாடிச் சத்தம் அழகுதான், ஆனால் ஊத்தங்கரைத் திருவிழாவில் அந்த அழகைக் கேட்க யாருக்கும் வாய்க்காது.

கொட்டகைக்கு வருகிறேன். தகரக் கூரை, சிமெண்ட் தரை. ஸ்னேர் டிரம்மை ஒரு தட்டு தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடித் திரும்பும். முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. காகித அட்டைக்கு எடை கிடையாது, எடை இல்லாத எதுவும் சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது. தடிமனான சுவர்தான் தடுக்கும், அதை மாமாவின் மண்டியில் கட்ட முடியாது. உள்ளே எதிரொலியைக் குறைக்க மட்டும் நம்மிடமே பொருள் இருந்தது. காலி கோணிச் சாக்குகளை மடித்து இரண்டு மூன்று அடுக்காகத் தொங்கவிட்டோம், மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தினோம். டிரம்ஸ் அடங்கியது. பேஸ் மட்டும் அடங்கவில்லை. என் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், அதற்கு முன்னால் சாக்கு எம்மாத்திரம். நானே சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் வீடு இல்லாத இடம் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்பேன்.

2012-இல் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும், ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. ஆம்ப் இல்லை, எஃபெக்ட் பெடல் இல்லை. ஒரு சாதாரண மர கிட்டார், ஒரு பிளாஸ்டிக் குடம், வாய். அந்த வருடம் போட்ட பாட்டுகளைத்தான் இன்றும் வாசிக்கிறோம். கரண்ட் நன்றாக இருந்த வருடங்களில் டிஸ்டார்ஷன் போட்டு மிரட்டிய பாட்டுகளில் பாதியை இப்போது நாங்களே கேட்பதில்லை. இருட்டில் குடத்தோடு பாடும்போது மெட்டு மொட்டையாக இருந்தால் உடனே தெரிந்துவிடும், ஒளிய இடமில்லை. இப்போதும் புதுப் பாட்டை முதலில் கரண்ட் இல்லாமல்தான் பாடிப் பார்க்கிறோம்.

இந்த ஊரில் ராக் வாசிக்க ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று பெங்களூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் டிரம்மர் ஆர்கெஸ்ட்ராவில் ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் டிரம் பலகை வாசித்தவர். திருவிழா இன்னிசைக் கச்சேரியில் ராத்திரி முழுக்க சினிமாப் பாட்டு வாசித்த கை, எந்தத் தாளத்தையும் உடனே பிடிக்கும். ஆனால் உண்மையான டிரம்மில் காலுக்கு வேலை உண்டு, அது பழக அவருக்குக் காலம் பிடித்தது. கிட்டார்காரர் தேவாலயப் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டவர். தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில் கிட்டார் பிடிக்கிற ஆட்களைத் தேடினால் கடைசியில் ஏதோ ஒரு தேவாலய வாசலில்தான் போய் நிற்போம். பாடுகிறவர் மட்டும் யாரிடமும் கற்கவில்லை. எருது விடும் விழாவில் மைக் பிடித்து மாட்டுக்காரர் பெயரையும் ஊரையும் அறிவித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கூட்டத்துக்கு மேலே கேட்கிற குரல்.

எங்களுக்கு முன்மாதிரி என்று தமிழில் அப்போது அதிகம் கிடைக்கவில்லை. ராக் என்றால் ஆங்கிலம்தான் என்று வெகுநாள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் கல்கத்தாவில் 1975-லேயே 'மொஹினேர் கோடாகுலி' என்ற பேண்ட் வங்காளத்திலேயே பாடியிருக்கிறது. அவர்கள் சேர்ந்து வாசித்த காலத்தில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, ஆறேழு வருடத்தில் கலைந்தும் போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அவர்களில் ஒருவரான கௌதம் சட்டோபாத்யாய் அந்தப் பாட்டுகளை இளம் பேண்டுகளின் பாட்டுகளோடு சேர்த்து வெளியிட்ட பிறகுதான் அடுத்த தலைமுறை அவர்களைத் தேடிப் பிடித்தது. கேரளத்தில் 'அவியல்' 2008-இல் மலையாளத்தில் முழு ஆல்பம் போட்டது. எங்கள் கல்லூரி விடுதியில் மலையாளம் தெரியாத பையன்கள்கூட அதைக் கத்திப் பாடினார்கள். பெங்களூரில் ரகு தீட்சித், கன்னடக் கவிஞர் சிசுனாள ஷரீஃபின் பழைய பதங்களைக் கிட்டாரோடு பாடினார். இதையெல்லாம் கேட்டபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். இவர்களில் யாரும் ஆங்கில ராக்கை மொழிபெயர்க்கவில்லை, தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த பாட்டுக்குப் பக்கத்தில் கிட்டாரைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

எங்கள் பக்கம் ஏற்கெனவே இருந்தது கூத்து.

மாசி, பங்குனி தொட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படிப்பு, ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். பென்னாகரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரை எங்கள் பாடகருக்குத் தெரியும். கேட்டுப் பார்க்கலாம் என்று போனோம். அவர் நாங்கள் வாசித்ததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சத்தமெல்லாம் இருக்குது கண்ணு, சுருதி எங்க நிக்குது?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் எங்கள் பேண்டின் மீதிக் கதை.

கூத்தில் ஆர்மோனியம் வைத்திருப்பவர்தான் சுருதிக்கு அதிகாரி. வாத்தியார் பாடுவது ஐந்தரைக் கட்டை. கிட்டார் கணக்கில் அது ஜி ஷார்ப். கிட்டார்காரர்கள் வெறுக்கிற சுருதி அது, திறந்த கம்பி ஒன்றுகூட ஒத்துழைக்காது. நான்காம் கட்டத்தில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) மாட்டி ஈ வடிவத்தில் வாசிக்கலாம், ஆனால் பேஸ் கிட்டாருக்கு அது உதவாது. நாங்கள் செய்தது, எல்லாக் கிட்டாரையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டியது. அப்படிக் கட்டினால் 'ஏ' கம்பி திறந்த நிலையிலேயே ஜி ஷார்ப் பேசும். எனக்கு ஆதார சுருதி கையை வைக்காமலே கிடைத்தது. கம்பி தளர்வதால் கிட்டாரின் சத்தமும் கொஞ்சம் கனத்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

அப்புறம் அந்த ஆர்மோனியம். அது பழைய பெட்டி, டியூனரில் வைத்தால் முள் நடுவில் நிற்காது. ரீடைச் சுரண்டிச் சரிசெய்யச் சொல்வது மரியாதை இல்லை, தேவையும் இல்லை. பெரும்பாலான டியூனர்களில் 440 என்று இருக்கிற அடிப்படை எண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கச் சொல்லி, முள் நடுவுக்கு வரும்வரை அந்த எண்ணை மாற்றி, அதற்கே கிட்டார்களைக் கட்டுங்கள். மாற்ற முடிந்தவன் மாற்ற முடியாதவனுக்கு ஏற்ப நகர வேண்டும், மேடையில் சண்டை வராமல் இருக்க இது ஒன்று போதும். முகவீணை சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஊதுகிறவர் மூச்சாலும் உதட்டாலும் சுருதியை நகர்த்திக்கொள்வார், நாம் அசையாமல் நின்றால் அவரே வந்து சேர்ந்துகொள்வார்.

அடுத்த சிக்கல் கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. கிட்டார் கார்டுகளில் மேஜர், மைனர் என்று இருப்பது நடுவிலுள்ள காந்தாரத்தால். கூத்துப் பாட்டில் காந்தாரம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது, ஒரே அடியில் இரண்டு விதமாகவும் வரும். கிட்டார் மேஜர் கார்டைப் போட்டு உட்கார்ந்திருந்தால் பாடுகிறவர் பல்லில் கல் கடித்ததுபோல் முகத்தைச் சுளிப்பார். இதற்கு ராக்கிலேயே விடை இருக்கிறது. பவர் கார்டு என்று சொல்கிறார்களே, அதில் காந்தாரமே கிடையாது. சட்ஜம், பஞ்சமம், மேலே மறுபடி சட்ஜம். டிஸ்டார்ஷன் போடும்போது காந்தாரம் சேர்ந்தால் சத்தம் குழம்பும் என்பதால் ராக்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள். நம் சுருதிப் பெட்டியும் அதே ச-ப-ச தான். வாத்தியார் விருத்தம் பாடும்போது டிரம்ஸ் நின்றுவிடும், இரண்டு கிட்டாரும் டிஸ்டார்ஷனில் அந்த ஒரு பவர் கார்டை மட்டும் நீட்டிப் பிடித்திருக்கும். மேலே அவர் எந்த ராகத்துக்கும் போகலாம். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும், காரணம் அவர் பாடுகிற ஸ்வரங்களை நாங்கள் தொடுவதே இல்லை. எங்கள் நிகழ்ச்சிகளில் செல்போன்கள் மேலே எழுவது அந்த இடத்தில்தான்.

பம்பையோடு சேர்ந்தது இதைவிடச் சுலபம், சேர்ந்த பிறகு ஒலிவாங்குவதுதான் கஷ்டம். ஒன்றோடு ஒன்று கட்டிய இரண்டு உருளை, நான்கு முகம், நான்கிலும் நான்கு சத்தம். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் குச்சிச் சத்தம் மட்டும் வரும். இரண்டு மைக் வேண்டும், பக்கத்துக்கு ஒன்று, ஒரு சாண் தள்ளி. ஷூர் எஸ்எம் 57 போன்ற டைனமிக் மைக் போதும், கண்டென்சர் வேண்டாம், அது பக்கத்து சிம்பலையும் பெட்ரோமாக்ஸ் சீறலையும்கூட அள்ளிக்கொள்ளும். பம்பைக்காரர் அடிக்கும்போது டிரம்மர் ஹை-ஹேட்டை (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) மூடிவிட வேண்டும், இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் மோதினால் இரண்டுமே கேட்காது. தப்பட்டை சேர்த்தால் தீ மூட்டித் தோலைக் காய்ச்ச மேடைக்குப் பின்னால் இடம் கேட்டு வாங்குங்கள். பனிக்காலத்தில் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு பாட்டுக்கு ஒரு முறை தோல் தளரும். பாட்டு வரிசையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம், தப்பட்டைப் பாட்டு இரண்டு, அப்புறம் கிட்டார் மட்டும் ஒன்று.

மைக் செட் அண்ணன்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எக்கோ இல்லாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. "எக்கோவை ஆஃப் பண்ணுங்கணா" என்றால் குறைப்பார்கள், பாட்டு ஆரம்பித்ததும் மறுபடி ஏறும். வாக்குவாதம் பலன் தராது. நாங்களே ஒரு சிறிய மிக்ஸர் வாங்கி, மேடையிலேயே எல்லாவற்றையும் கலந்து, அவருக்கு ஒரே ஒரு வயர் கொடுக்க ஆரம்பித்தோம். எக்கோ போட்டாலும் அளவோடு நின்றது. கூம்பு ஸ்பீக்கர் மட்டும் இருக்கிற ஊரில் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது, கூம்புக்கு நடுத்தரச் சத்தம்தான் தெரியும். அட்வான்ஸ் வாங்கும்போதே 18 அங்குல பேஸ் பாக்ஸ் குறைந்தது இரண்டு வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

பாட்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கில ராக் மெட்டில் கடைசி அசையை இழுப்பார்கள். தமிழில் வரியின் கடைசியில் குறில் வந்து அதை இழுத்தால் சொல் கெட்டுவிடும். அதனால் நீளமான ஸ்வரம் வரும் இடத்தில் நெடில் இருக்கும்படி வரியை மாற்றி எழுதுவோம், மெட்டை மாற்றுவது அதற்கு அப்புறம்தான். எதுகை, மோனை வரியின் தொடக்கத்தில் விழுவதால் டிரம்ஸின் முதல் அடியும் அங்கேயே விழட்டும் என்று விட்டுவிடுவோம். கும்மி மெட்டுகள் சிக்ஸ் எய்ட் தாளத்தில் தானாக உட்காரும். தருமபுரிக்காரர்களுக்குத் தகடூர் அதியமான் சொந்தக்காரர் மாதிரி, அதனால் ஒளவை அதியமானைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றுக்கும் மெட்டுப் போட்டோம். அகவலில் அடிக்கு நான்கு சீர், நான்கு பீட் உள்ள ஃபோர் ஃபோர் தாளத்தில் பீட்டுக்கு ஒன்றாக நேராக விழுந்துவிடுகிறது. அகவலில் ஒரு வகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயல் அடிக்கு, அதாவது கடைசிக்கு முந்தைய அடிக்கு, மட்டும் மூன்று சீர். அங்கே ஒரு பீட் காலியாக நிற்கும். டிரம்மர் அந்த ஒரு காலி பீட்டில்தான் முழு பலத்தையும் இறக்குவார். அதை எழுதியவர்கள் எங்களுக்காகவே இடம் விட்டு வைத்ததாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழம்பாட்டில் இன்னொரு வசதி, உரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள். மற்றபடி பாடலாசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

பெங்களூர் ஆசை எங்களுக்கும் இருந்தது. ஓசூரில் இருந்து நாற்பது கிலோமீட்டர், ஏ ஷிப்ட் முடித்துவிட்டு மதியம் கிளம்பினால் சாயங்காலம் சவுண்ட் செக்குக்குப் போய்விடலாம். பப்களில் கேட்டது பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு, நடுவில் சொந்தப் பாட்டு ஒன்றிரண்டு. காசு கொடுத்தார்கள், மரியாதையும் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் காவிரி நீர் உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் வந்து தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. மாநில எல்லையான ஜூஜுவாடியில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் வேனும் டிஎன் பதிவெண், சாமானும் அதில். அந்த மாதத்துப் புரோகிராம்கள் போயின. நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள், திருவிழாக் கமிட்டிகளிடமும் கையில் பணமில்லை. இரண்டும் சேர்ந்து அடித்த அந்த வருடத்தில் பேண்டைக் காப்பாற்றியது கணக்கு நோட்டில் இருந்த பொதுப் பங்கு. வருமானத்தில் முதலில் வண்டி, டீசல், சாப்பாடு, ஆர்டர் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன். மிச்சத்தை ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் பங்கு போடுவோம். அந்தக் கூடுதல் பங்கு பேண்டுக்கு. கம்பி, டிரம் தோல், ரிப்பேர், ரெக்கார்டிங் எல்லாம் அதில் இருந்து. இது முதல் நிகழ்ச்சியிலேயே தொடங்க வேண்டும், பணம் பெரிதான பிறகு ஆரம்பித்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருவிழா நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டு விதிகள் வைத்திருக்கிறோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருட ஒலி மாசு விதி. சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு. வழக்கு வந்தால் முதலில் பிடித்து வைப்பது சாமானைத்தான். இரண்டாவது, மேடையை எங்கே போடுகிறீர்கள், காலனிக்காரர்கள் வந்து முன்னால் நின்று கேட்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குவோம். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். இந்தக் கேள்வியால் சில ஊர்கள் கைவிட்டுப் போயின, போகட்டும்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறிய பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றதை ஊரில் எல்லோரும் போனில் பார்த்திருந்தார்கள். அதுவரை "சினிமாப் பாட்டு பாடுவீங்களா" என்று கேட்ட கமிட்டிக்காரர்கள், "அந்த மாதிரி சொந்தப் பாட்டு பாடுவீங்களா" என்று கேட்டார்கள். நாங்கள் அதற்கு முன்பே பாடிக்கொண்டிருந்தோம், கேட்கும் வாய் அப்போதுதான் வந்தது. அப்புறம் 2020 மார்ச், ஊரடங்கு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடந்ததுதான். பம்பைக்காரர் கட்டட வேலைக்குப் போனார். கிட்டார்காரர் ஒரு ஆம்பை விற்றார். 2022 தை மாதம்தான் மறுபடி எல்லோரும் மண்டியில் உட்கார்ந்தோம்.

அந்த இடைவெளியில் ஒரு வேலை உருப்படியாக நடந்தது, பழைய ரெக்கார்டிங்கை ஒழுங்குபடுத்தியது. ஸ்டுடியோவில் பாட்டை முடித்ததும் கலந்து முடித்த ஒரே கோப்பைத் தருவார்கள், எல்லோரும் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்துவிடுவார்கள். கலக்குவதற்கு முந்தைய தனித்தனி டிராக்குகளையும் கேளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக, எல்லாம் ஒரே புள்ளியில் இருந்து தொடங்கும்படி, இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில். நாங்கள் பதிவு செய்த ஒரு ஸ்டுடியோ மூடப்பட்டபோது மற்ற பேண்டுகளின் டிராக்குகள் போயின, எங்களுடையது வீட்டில் இருந்தது. கல்கத்தாக்காரர்களின் கதையைப் படித்த பயம் உதவியது.

பேப்பர் வேலையும் அப்போதுதான் முடித்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம், வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை பங்கு, எல்லோர் கையெழுத்தும். ஸ்டுடியோவுக்குக் கட்டிய பணத்துக்குப் பேண்டின் பெயரில் ரசீது. ஒலிப்பதிவின் உரிமை அதைப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு என்று சட்டம் சொல்வதால் அந்த ரசீது முக்கியம். யாராவது பாட்டைக் கேட்டு ஒப்பந்தம் நீட்டினால் எத்தனை வருடம், எந்த நாடுகள் என்ற இரண்டு இடத்தையும் முதலில் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்ற முடியும். வருடம் எழுதாமல் விட்டிருந்தால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாமல் விட்டிருந்தால் இந்தியா மட்டும் என்றும் பொருள். "எல்லா உலகங்களிலும், எல்லாக் காலத்துக்கும்" என்று எழுதி வந்த ஒரு தாளை எங்கள் பாடகர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். எழுதுகிறவரும் மெட்டமைக்கிறவரும் பாட்டு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினர் ஆகிவிட்டால் வேறு யாராவது பாட்டை ஒலிபரப்பும்போது வசூலாகும் தொகையில் பங்கு வரும். பெரிதாக ஒன்றும் வராது, கம்பி வாங்க ஆகும்.

வாத்தியார் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அவர் பாடும் விருத்தம் தலைமுறை தலைமுறையாக வருவது, அது அவருடையது என்றும் சொல்ல முடியாது, எங்களுடையது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் எந்த இடத்தில் ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் அமைத்தது. மெட்டமைப்பில் அவர் பெயரையும் சேர்த்து, பங்கும் எழுதினோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் இருக்கட்டும் கண்ணு, கூத்துச் சீசன்ல என்னைக் கூப்பிடாத" என்றார். அது நியாயம். மாசி தொட்டு வைகாசி வரை அவரை அழைப்பதில்லை, அந்தப் பாட்டையும் அப்போது வாசிப்பதில்லை. மற்ற நாட்களில் அவருக்கும் எங்கள் எல்லோரையும்போல ஒரு முழுப் பங்கு, போக்குவரத்து தனி. பணத்தை முதலில் அவர் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு, ஏனென்றால் அவர் பென்னாகரம் பஸ் பிடிக்க வேண்டும்.